மலையோரமா, பள்ளத்தோரமா

கோரே
மெஸ்கெரெம் 25, 1986

அண்ணன் அபேராவுக்கு,

நாங்கள் நலம். கடவுளுக்கு நன்றி. நீயும் அண்ணியும் நலமா? அப்பா நலமா? இதையெல்லாம் எழுதாமல் கடிதம் ஆரம்பித்தால் நீ கோபித்துக்கொள்வாய் என்பதால் எழுதிவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

வந்து சேர்ந்து பதினோரு நாள் ஆகிறது. பதினோரு நாளும் மழை. இங்கே யாரும் மழை பெய்கிறது என்று சொல்வதில்லை, நின்றால்தான் சொல்கிறார்கள். உன் மச்சான் ஸெய்ஃபு ஸ்டுடியோ பலகையை மாட்டிவிட்டார். ஊருக்கே ஒரே போட்டோ ஸ்டுடியோ நம்முடையது என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. முதல் வாரத்திலேயே நாற்பது பேர் அடையாள அட்டைக்குப் படம் எடுத்துக்கொண்டார்கள். எடுத்த படம் ஒன்றுகூடக் காயவில்லை. அடுப்புக்கு மேலே கொடி கட்டி நாற்பது மூஞ்சிகளையும் தொங்கவிட்டிருக்கிறேன். நான் வெங்காயம் வதக்கும்போது ஊரே என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

மஹ்லெத்துக்கு ஊர் பிடித்துவிட்டது. மூன்று வயதுக்குச் சேறு இருந்தால் போதும். ஆனால் காலையில் எழுந்ததும் தாத்தா எங்கே என்றுதான் கேட்கிறாள்.

அண்ணா, கிளம்புகிற அன்று நடந்ததை நீ பார்த்தாய். "அந்தச் சேத்துல போய் விழப்போறவ எனக்கு மகளே இல்லை"ன்னு அப்பா சொன்னது தப்பு. அதற்கு நான் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. "அம்மா சாகறப்போ நீங்க அந்த ரோட்டுலதானே லாரி ஓட்டிட்டிருந்தீங்க? என்னைப் போகாதேன்னு சொல்ல உங்களுக்கு எப்படி வாய் வருது?" என்று நான் கேட்டிருக்கக் கூடாது. அவர் வேண்டுமென்றா அம்மா பக்கத்தில் இல்லாமல் இருந்தார்? அவர் முகம் போன போக்கை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. பஸ் நிலையத்துக்கும் அவர் வரவில்லை. பஸ் திரும்புகிறவரை ஜன்னலில் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவருக்குக் கண் தெரியாது, நீதான் வாசித்துக் காட்ட வேண்டும். இந்தக் கடிதத்தை முழுசாக வாசி. நான் மன்னிப்புக் கேட்கிறேன் என்பதையும் வாசி. அவர் என்ன சொன்னார் என்று அப்படியே எழுது. உன் சர்க்கரை எதையும் அதில் போடாதே.

உன் தங்கை,
ஹிருத்


அடிஸ் அபாபா
திக்கிம்த் 9, 1986

ஹிருத்துக்கு,

எனக்கு எழுத வராது என்று உனக்குத் தெரியும். கராஜில் சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். தாளில் கிரீஸ் பட்டிருந்தால் மன்னித்துவிடு.

கடிதத்தை முழுசாக வாசித்தேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்து கேட்டார். நீ அப்படியே எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். அவர் சொன்னது இவ்வளவுதான்:

"கிபே இறக்கத்துல எந்தப் பக்கம் உட்கார்ந்தாங்கன்னு கேளு. மலையோரமா, பள்ளத்தோரமா? அந்தப் படம் புடிக்கிறவனுக்கு அதெல்லாம் தெரியாது."

அவருக்கு இருமல் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், பழுது பார்க்கிறதெல்லாம் லாரிக்குத்தான், டிரைவருக்கு இல்லை என்கிறார். அண்ணிக்கு இது ஆறாவது மாதம் முடிந்து ஏழு. இன்னும் மூன்று மாதத்துக்குள், தாஹ்சாஸ் கடைசியில் எதிர்பார்க்கிறோம்.

அபேரா


கோரே
திக்கிம்த் 24, 1986

அண்ணா,

உன் கடிதத்தை மூன்று தடவை திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறாயா என்று. கிரீஸ்தான் இருந்தது.

நான் மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன், அவர் பஸ்ஸில் எந்த சீட் என்று கேட்கிறார். மகள் என்றுகூடச் சொல்லவில்லை, பேத்தி எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. எங்கே இடம் கிடைத்ததோ அங்கே உட்கார்ந்தோம் என்று சொல். வேறு என்ன சொல்வது?

எனக்கு இந்த ஊர் ஒட்டவில்லை. மெர்க்காட்டோ சந்தை நெரிசலில் யாராவது என் காலை மிதித்தால் தேவலை போல் இருக்கிறது. இங்கே எல்லோரும் நின்று, கையைப் பிடித்து, நலமா, வீட்டில் நலமா, மாடு நலமா என்று கேட்டுவிட்டுத்தான் நகர்கிறார்கள். மாடு இல்லை என்று சொன்னால் பாவம் என்று பார்க்கிறார்கள். பக்கத்து வீட்டு அஸ்காலே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாள். அறுபது வயது இருக்கும், கடைக்கே நாற்பது வயதாம். தினமும் காபிக்குக் கூப்பிடுகிறாள். போகிறேன். முதல் கோப்பை முடிந்ததும் வேலை இருக்கிறது என்று எழுந்துவிடுகிறேன். வழக்கப்படி மூன்று சுற்றும் உட்கார்ந்தால் நான் ஊர்க்காரி ஆகிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது.

ஸெய்ஃபு இத்திரில் சேரலாம் என்கிறார். வேண்டாம், பொறுங்கள் என்றேன். சாவுச் சங்கத்தில் சேருகிறவர்கள் அந்த ஊரிலேயே சாகப்போகிறவர்கள். கூடாரம் போடவும் பெஞ்சு தூக்கவும் கூட உட்கார்ந்து அழவும் எனக்கு அடிஸில் ஆள் இருக்கிறார்கள். அடுத்த வருஷப் பிறப்புக்குள், மெஸ்கெரெமுக்குள் திரும்பிவிடுவோம் என்று நான் மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸுக்கு நானும் மஹ்லெத்தும் வருகிறோம். அப்பாவின் முழங்காலில் முத்தம் வைத்து நேரிலேயே கேட்டுவிடுகிறேன். நேரில் கேட்டால் அவரால் சீட் பற்றிப் பேச முடியாது. அதுவரை நீ ஒன்றும் சொல்லாதே.

ஹிருத்


அடிஸ் அபாபா
ஹிதார் 12, 1986

அன்புத் தங்கை ஹிருத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது.

அப்பா உன்னை ரொம்ப விசாரித்தார். நீ சொன்னதை அவர் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. சின்னப் பெண் ஏதோ கோபத்தில் சொல்லிவிட்டாள், நான் அன்றைக்கே மறந்துவிட்டேன் என்றார். என் கண்ணே என்று எழுதச் சொன்னார். மஹ்லெத்துக்கு முத்தம் சொன்னார்.

கிறிஸ்துமஸுக்கு வர வேண்டாம். ரோடு மோசமாக இருக்கிறதாம். குழந்தையை வைத்துக்கொண்டு இரண்டு நாள் பஸ்ஸில் அல்லாட வேண்டாம்.

இத்திரில் சேர்ந்துவிடு. இந்த மாதமே சேர். அண்ணன் சொல்கிறேன், கேள். அஸ்காலே அம்மா கூப்பிட்டால் மூன்று கோப்பையும் குடித்துவிட்டு எழுந்திரு. அவர் எப்படிப்பட்டவர்? உன்னிடம் பிரியமாக இருக்கிறாரா? உன் வீட்டைச் சுற்றி இன்னும் யார் யார் இருக்கிறார்கள்? எல்லோர் பெயரையும் எழுது.

இதற்கு மேல் எழுத வரவில்லை.

அபேரா


கோரே
ஹிதார் 28, 1986

அண்ணா,

கண்ணே என்று சொன்னாரா? என் அப்பாவா? லாரிக்கு ஹார்ன் அடிக்கிற குரலிலா சொன்னார்? தபால் ஆபீஸ் வாசலில் நின்று படித்தேன், கால் நனைந்ததுகூடத் தெரியவில்லை. மஹ்லெத்துக்கும் படித்துக் காட்டினேன். "தாத்தா எனக்குத்தான் முத்தம் குடுத்தாரு, உனக்கு இல்லை"ன்னு பெருமை அவளுக்கு.

அந்தச் சந்தோஷத்தில் உன் பேச்சைக் கேட்டேன். ஸெய்ஃபுவைக் கூட்டிக்கொண்டு போய் இத்திரில் பெயர் எழுதிவிட்டேன். தலைவர் எழுந்து நின்று என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

நீ கேட்ட பெயர்கள்: அஸ்காலே, எதிர்வீட்டில் தையல்கார பெக்கெலே, அவர் மனைவி துரூவெர்க், மேட்டில் குடியிருக்கும் காபி வியாபாரியின் அம்மா. இதை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய்? அரசாங்கக் கணக்கெடுப்பா?

ஆனால் இவர்களுக்கெல்லாம் என்னவோ ஆகிவிட்டது. நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. கிறிஸ்துமஸ் நோன்பு மாதம், வெண்ணெய் கிடையாது. ஆனாலும் துரூவெர்க் எனக்கென்று கடலைக் குழம்பு வைத்துக் கொண்டுவந்து, நான் சாப்பிடுகிறவரை எதிரே உட்கார்ந்திருக்கிறாள். அஸ்காலே என் தலையைத் தடவுகிறாள். நானும் மூன்று கோப்பையும் குடிக்கிறேன், இல்லாவிட்டால் விடமாட்டேன் என்கிறாள். ஸெய்ஃபு அதற்கு மேல். மூன்று நாளாக இருட்டறையைப் பூட்டிக்கொண்டு வேலை செய்கிறார். பெரிய ஆர்டராம், உள்ளே வராதே என்கிறார். நேற்று சர்க்கரை போடாத டீயைப் பத்து நிமிஷம் கலக்கிக்கொண்டிருந்தார். ஊர் ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது, பாவம். திரும்பிப் போகலாம் என்று நான் சொல்ல இதுதான் நல்ல சமயம்.

ஜிம்மா வழியாக அடிஸுக்குப் போகிற லாரியில் ஒரு ஜாடி தேன் அனுப்புகிறேன். இந்தக் காட்டுத் தேன் இருமலுக்கு நல்லதாம். அப்பா இருமல் எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் நீ அதைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை. படுக்கப்போகும்போது வெந்நீரில் ஒரு கரண்டி கொடு.

ஹிருத்


அடிஸ் அபாபா
தாஹ்சாஸ் 8, 1986

ஹிருத்துக்கு,

தேன் வந்தது. அப்பா ரொம்பச் சந்தோஷப்பட்டார். இவ்வளவு நல்ல தேன் சாப்பிட்டதே இல்லை என்றார். இருமல் இப்போது இல்லை.

அண்ணிக்கு நாள் நெருங்கிவிட்டது. நான் இங்கிருந்து நகர முடியவில்லை. நகர முடிந்தால் வந்திருப்பேன். அதை நீ நம்ப வேண்டும்.

அஸ்காலே அம்மா உன்னைத் தேடி வந்தால் கதவைத் திற. அவர் சொல்வதைக் கேள்.

அபேரா


கோரே
தாஹ்சாஸ் 21, 1986

அபேரா,

இந்தத் தடவை அண்ணா என்று எழுதக் கை வரவில்லை.

மூன்று நாளைக்கு முன்பு, விடிகிற நேரத்தில் கதவைத் தட்டினார்கள். ஸெய்ஃபு ஏற்கனவே எழுந்து சட்டையும் ஷூவும் போட்டு உட்கார்ந்திருந்தார். ஆனால் போய்த் திறக்கவில்லை. நான்தான் திறந்தேன். முற்றம் நிறைய ஆட்கள், முப்பது பேராவது இருக்கும். தூறல் விழுந்துகொண்டிருந்தது, ஒருவர்கூடக் குடை பிடிக்கவில்லை. எல்லோரும் சால்வையின் கரையை மேலே கழுத்தருகில் வருகிற மாதிரி போர்த்தியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் சாவு என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் என் புத்தி எங்கே போயிற்றோ, "யார் வீட்டுல?" என்று கேட்டேன்.

"நம்ம வீட்டுலதாம்மா" என்றாள் அஸ்காலே.

அப்போதுதான் ஸெய்ஃபு உள்ளேயிருந்து படத்தை எடுத்துவந்தார். மூன்று நாள் இருட்டறையில் செய்த ஆர்டர் அதுதான். எங்கள் கல்யாணப் படத்திலிருந்து அப்பாவை மட்டும் பெரிதாக்கியிருக்கிறார். அப்பாவின் தோளில் என் கை இருக்கிறது. கை மட்டும்தான், மற்றதெல்லாம் படத்துக்கு வெளியே போய்விட்டது. அதைப் பிடித்துக்கொண்டு நான் கத்தினது மேட்டு வீடுவரை கேட்டதாம். அவர்கள் என்னை விழவிடவில்லை. இந்தப் பக்கம் துரூவெர்க், அந்தப் பக்கம் அஸ்காலே. மூன்று நாளாக இத்திர் பெஞ்சுகள் என் வாசலில் கிடக்கின்றன. நான் அடுப்புப் பக்கம் போகவே இல்லை.

போன மாதம் ஹிதார் மூன்றாம் தேதியே அப்பா போய்விட்டார் என்றார்கள். நாற்பத்தைந்து நாள், அபேரா. நாற்பத்தைந்து நாள் நான் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். தேன் அனுப்பியிருக்கிறேன். நீ இருமல் இல்லை என்று எழுதுகிறாய்.

சாவைக் கடிதத்தில் எழுதக் கூடாது என்று எனக்கும் தெரியும். ஆள் இல்லாத இடத்தில் இருப்பவளுக்குச் சொல்லக் கூடாது, நாலு பேர் சேர்ந்து விடியற்காலையில் போய்த்தான் சொல்ல வேண்டும் என்றும் தெரியும். நம் தெருவில் நானே சால்வைக் கரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு எத்தனை வீட்டுக்குப் போயிருக்கிறேன். எனக்கு ஆள் சேருகிறவரை நீ காத்திருந்தாய். அதற்குத்தான் அந்தப் பெயர்களைக் கேட்டாய். இதெல்லாம் புத்திக்குப் புரிகிறது. ஆனாலும் உன்மேல் இருக்கிற கோபம் ஒரு பிடிகூடக் குறையவில்லை.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். நேற்று காபி மூன்றாவது சுற்று முடிந்த பிறகு அஸ்காலே சொன்னாள். "உங்கப்பா தெமிஸ்ஸேயை எனக்குத் தெரியும்மா. காபி மூட்டை ஏத்த வர்றப்பல்லாம் என் கடையிலதான் சாப்பாடு. காரம் பத்தலைன்னு எப்பவும் சண்டை. உங்கம்மா போன சேதி இந்த ஊருக்குத்தான் வந்துது. அவரு லாரியைக் கழுவிக்கிட்டிருந்தாரு. விடியக்காலைல நாங்க பன்னெண்டு பேர் போய்ச் சொன்னோம். அப்படியே சேத்துல உட்கார்ந்துட்டாரு. அப்புறம் இந்த ஊர்ல அவரு ராத்தங்கினதே இல்லை. மூட்டையை ஏத்திட்டு அன்னிக்கே கிளம்பிடுவாரு."

அம்மா போனபோது அவர் எங்கேயோ ரோட்டில் இருந்தார் என்றுதான் நமக்குத் தெரியும். அது இந்த ஊர் என்று உனக்காவது தெரியுமா? சேத்துல போய் விழப்போறவ என்று அவர் சொன்னது இந்தச் சேற்றைத்தான். நான் அவரிடம் கேட்ட கேள்வியை நினைத்துப் பார்.

எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். கண்ணே என்று அவர் சொன்னாரா? மறந்துவிட்டேன் என்று சொன்னாரா? மஹ்லெத்துக்குச் சொன்ன முத்தம் அவருடையதா? நீ எழுதி அனுப்பியதில் ஒன்றாவது அவர் வாயிலிருந்து வந்ததா? பொய் சொல்லாதே. இனிமேல் பொய் சொல்ல உனக்குக் காரணமும் இல்லை.

ஹிருத்


அடிஸ் அபாபா
திர் 3, 1986

ஹிருத்,

அண்ணிக்குப் பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம்.

அது கோரே என்று எனக்கும் தெரியாது. எனக்கு அப்போது ஒன்பது வயது. அவர் நம்மிடம் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

கண்ணே என்பது நான் எழுதியது. மறந்துவிட்டேன் என்றதும் முத்தமும் நான் எழுதியதுதான். தேன் ஜாடியை இன்னும் திறக்கவில்லை, அலமாரியில் இருக்கிறது. சீட் பற்றி நீ கோபித்து எழுதிய கடிதம், அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் வந்தது. முற்றத்தில் கூடாரம் இன்னும் பிரிக்கவில்லை. அதை வாசித்துக் காட்ட ஆள் இல்லாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பதில் எழுத உட்கார்ந்தபோது, அவர் என்ன சொல்லியிருந்தால் உனக்கு நன்றாக இருக்குமோ அதை எழுதினேன். நீ வேண்டாம் என்றும் சர்க்கரை போட்டுவிட்டேன். அதற்கு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஸெய்ஃபுவுக்கு டெலிபோன் ஆபீஸ் வழியாகச் சொன்னதும் நான்தான், அவரைத் திட்டாதே.

அவருடையது ஒன்றுதான், முதல் கடிதத்தில் எழுதியது. ஆனால் அதை நான் முழுசாக எழுதவில்லை. எழுதாதே என்று அவர் சொல்லியிருந்தார். இப்போது எழுதுகிறேன்.

உன் கடிதத்தை வாசித்து முடித்ததும், மன்னிப்புக் கேட்கிற இடத்தை மறுபடி வாசி என்றார். வாசித்தேன். இன்னொரு தரம் என்றார். மூன்றாவது தரம் வாசிக்கும்போது அவர் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அழுதேன்னு அவளுக்கு எழுதாதே. அவளும் அழுவா, அங்க அவளுக்கு யாரும் இல்லை" என்றார். அதற்குப் பிறகுதான் கிபே இறக்கத்தில் எந்தப் பக்கம் உட்கார்ந்தீர்கள் என்று கேட்கச் சொன்னார். நீ கேட்டதற்கு அவர் சொன்ன பதில் அதுதான். எனக்கு அன்றைக்கே புரிந்தது. எழுதத்தான் தெரியவில்லை.

பதில் வந்ததா, வந்ததா என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

திர் 22 அப்பாவுக்கு எண்பதாம் நாள் காரியம். நாற்பதுக்கு உன்னைக் கூப்பிட முடியவில்லை. இதற்கு வா.

உன் அண்ணன்,
அபேரா


கோரே
திர் 15, 1986

அண்ணா,

நாங்கள் நலம். கடவுளுக்கு நன்றி. அண்ணியும் குட்டியும் நலமா?

இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வருமா, என்னோடு ஒரே பஸ்ஸில் தபால் மூட்டையில் வருமா தெரியவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன், சில விஷயங்களை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வராது.

சீட் பற்றிக் கேட்டதுதான் நிஜமான அப்பா என்று எனக்கு உள்ளுக்குள் தெரிந்தேதான் இருந்தது. கண்ணே என்பது அவர் வாயில் வராத வார்த்தை. இருந்தாலும் அந்தக் கடிதத்தைக் கிழிக்க மனம் வரவில்லை. அதையும் பெட்டியில் வைத்திருக்கிறேன். அது நீ சொன்னதென்றால் உனக்கும் கொஞ்சம் பிரியம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

எண்பதாம் நாளுக்கு நாங்கள் மூன்று பேரும் வருகிறோம், கூட அஸ்காலேயும். நான் கூப்பிடவில்லை, அவளே கிளம்பிவிட்டாள். கடையை துரூவெர்க் பார்த்துக்கொள்கிறாள். அப்பா காரம் பத்தாது என்று வருஷக்கணக்கில் சொல்லிக்காட்டினாராம், அதனால் எண்பதாம் நாள் குழம்பு தன் கையால்தான் என்கிறாள். அண்ணியிடம் சொல்லிவை. தேன் ஜாடியைத் திறக்காதே, நான் வந்து திறக்கிறேன்.

ஒரு வாரத்துக்கு மேல் இருக்க முடியாது. அடுத்த மாதம் துரூவெர்க்கின் தங்கைக்குக் கல்யாணம், மாவு அரைக்க நான் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அப்பா கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. பள்ளத்தோரம்தான் உட்கார்ந்தோம். மஹ்லெத் ஜன்னலோரம், நான் நடுவில். கீழே ஆறு தெரிந்ததும் அவள் கைதட்டினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஸெய்ஃபுவுக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் சொன்னது சரிதான், எனக்கும் தெரியவில்லை.

நேற்று டிக்கெட் எடுக்க நானே போனேன். அடிஸுக்குப் போகும்போது மலை இடப்பக்கம் என்றும், திரும்பி வரும்போது வலப்பக்கம் என்றும் டிக்கெட்காரர் சொன்னார். மலையோரமாகவே வாங்கியிருக்கிறேன், போகவும் வரவும். எண்பதாம் நாள் நீ முதலில் கல்லறைக்குப் போய் அப்பாவிடம் அதைச் சொல்லிவிடு. மற்றதை நான் வந்து சொல்லிக்கொள்கிறேன்.

உன் தங்கை,
ஹிருத்